பிறப்புச் சான்றில் பிழையா? பதிவு செய்த அலுவலகத்துக்குப் போங்கள்

ஆதாரில் பிறந்த தேதி தப்பு என்று இ-சேவை மையத்தில் காத்திருப்பவர்கள் பலரின் பிறப்புச் சான்றை வாங்கிப் பார்த்தால், பிழை அங்கேயே தொடங்கியிருக்கும். அப்பா பெயர் செல்வம், சான்றில் செல்வன். அதை அப்படியே விட்டுவிட்டு ஆதாரைத் திருத்துவது வீண் அலைச்சல். ஆதாரில் பிறந்த தேதியை மாற்றக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. அதையும் அவசரத்தில் தொலைத்துவிடுகிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து அரசு வேலை வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றுதான் ஆதாரம்.

எங்கே போவது என்பதில்தான் பெருங்குழப்பம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். தென்காசியில் பிறந்த குழந்தையின் சான்றைத் திருத்தச் சொல்லித் திருப்பூரில் மனு கொடுத்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. பிறப்பு நடந்த ஊரின் பதிவாளரிடம் போங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊர் கணக்கில் வராது. சான்றில் உள்ள பதிவு எண்ணையும் பதிவு நாளையும் மனுவில் தவறாமல் எழுதுங்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 15-இன்படி திருத்தம் கோருவதாக மனுவிலேயே குறிப்பிடுங்கள். எழுத்துப்பிழை என்றால் பதிவாளரே விசாரித்துத் திருத்தலாம். பிறந்த தேதி போன்ற முக்கிய விவரம் என்றால், உண்மை தெரிந்த நம்பகமான இருவரின் உறுதிமொழி வேண்டும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் அதையும் இணையுங்கள். "பதிவேட்டில் அடிக்கக் கூடாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் அலுவலர்கள் உண்டு. அடிக்கச் சொல்லிச் சட்டமும் சொல்லவில்லையே! பழைய பதிவு அப்படியே இருக்க, ஓரத்தில் திருத்தத்தை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடச் சொல்கிறது.

அரசிதழில் வெளியிட வேண்டும் என்று புரோக்கர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். புதிதாகப் பெயர் மாற்றிக்கொள்பவர்களுக்கானது அது. எழுத்துப்பிழைக்குத் தேவையில்லை.

மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். "சார் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்ற வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு மேல்முறையீடு செய்ய முடியாது. திருத்த மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அது கைக்கு வந்த 30 நாளுக்குள், பிரிவு 25ஏ-இன்படி மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 90 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். பதிலே வராவிட்டால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று எழுதினால் அது தகவல் அல்ல என்று தட்டிக்கழிப்பார்கள். என் மனு யாரிடம் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்புக் குறிப்புகளின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவதால் பல சான்றுகளில் பெயர் இடம் காலியாகவே கிடக்கிறது. 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதன்பிறகு தாமதக் கட்டணத்தோடு, பதிவு நாளிலிருந்து 15 ஆண்டு வரைதான். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் நேரத்தில் தேடாமல், இன்றே எடுத்துப் பாருங்கள். பெயர் சேர்க்கவும் பிறந்த ஊர் அலுவலகம்தான்.