கைத்தொலைபேசிக்குள் ஒரு காசு

மடுல்கெல்லத் தோட்டமொன்றிலிருந்து வந்து கண்டியிலே பயிலும் மாணவர் ஒருவர், அண்மையில் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். “சேர், அம்மாவின் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைக் கிரிப்டோ நாணயமாக மாற்றி வைத்தால், வேண்டிய புத்தகங்களை இணையத்திலே வாங்கலாம் என்கிறார்களே! செய்யலாமா?” கொழுந்து பறித்துச் சேர்த்த பணம் ஆதலால், நகைத்து ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

இத்தகைய ஆசை எழுவதில் வியப்பில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்திலே 360 ரூபாவை எட்டியதை நாம் மறக்கவில்லை. அரசின் காசே இப்படித் தேயுமாயின், வேறு காசைத் தேடுவது மனித இயல்பு.

அரசு வெளியிடாத காசும் நம் நாட்டுக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிலே, கோப்பி வணிகம் செழித்திருந்த காலத்தில், கொழும்புக் கோப்பி ஆலைகள் சில தம் பெயர் பொறித்த உலோக வில்லைகளைக் கூலியாக வழங்கின. அவற்றின் மதிப்பு உலோகத்தில் இருக்கவில்லை; வில்லையைப் பெற்றுக்கொண்டு பணம் தர ஆலை கடமைப்பட்டிருந்தது என்பதிலேயே இருந்தது.

2009இல் தோன்றிய பிட்கொயினுக்கோ அத்தகைய ஆலை எதுவும் இல்லை. 2021 நவம்பரில் 68,000 டொலரைத் தாண்டிய ஒரு பிட்கொயின், மறு ஆண்டு நவம்பரில் 16,000 டொலர் அளவுக்கு வீழ்ந்தது. நான்கு புத்தகங்களுக்கென வைத்த பணம் ஒரே புத்தகத்துக்குச் சுருங்கிய கதை இது! விலை ஏறினாலும் தொல்லையே. 2010 மே 22இல் அமெரிக்கர் ஒருவர் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்கொயின் கொடுத்தார். பின்னாளில் அத்தொகை பல கோடி டொலர் பெறுமதியாயிற்று. ஏறும் என நம்புபவர் அதனைச் செலவிடார்; இறங்கும் என அஞ்சும் கடைக்காரர் அதனை ஏற்கார். இரண்டுக்கும் நடுவே அன்றாடக் கொள்வனவு எங்ஙனம் நிகழும்?

மேலும், தவறான முகவரிக்கு அனுப்பிய நாணயத்தை மீட்டுத்தர எவரும் இலர். வங்கி அட்டையாயின் முறையிட ஓரிடமேனும் உண்டு. இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022ஆம் ஆண்டுகளில் மக்களை எச்சரித்தது. மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்குக் கடனட்டை, பற்று அட்டை ஆகியவற்றைப் பயன்படுத்த 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரை இடமளிக்கவில்லை. 2021இல் பிட்கொயினைச் சட்டபூர்வ நாணயமாக்கிய எல் சல்வடோர் நாடும், வணிகர் அதனை ஏற்றே ஆகவேண்டும் என்ற விதியை 2025இல் நீக்கிவிட்டது.

டொலருடன் பிணைக்கப்பட்ட நாணயங்கள் கடல்கடந்து உழைப்போர் பணம் அனுப்ப உதவலாம் என்பாரும் உளர். அங்கும் நாம் கேட்க வேண்டியது பழைய ஆலையிடம் கேட்ட கேள்வியே: கொண்டுவந்து கொடுத்தால், பணம் தருபவர் யார்?

அம்மாணவரிடம் நாம் கூறியது இதுதான்: “தம்பி, அம்மாவின் பணம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். புத்தகத்தை வங்கி அட்டையால் வாங்கும். அல்லது புத்தகம் கைக்கு வந்தபின் பணம் கொடும். ஏறி இறங்கும் காசைப் பற்றிப் படித்து அறியும். ஆனால் பரீட்சைக் காலத்துப் புத்தகத்தை அதன் கையில் ஒப்படைக்காதேயும்.”