ஆக்கர் கடைக்குப் போக இருந்த கம்ப்யூட்டர்

போன ஐப்பசியில் ஒரு மழை நாள். நாகர்கோவில் மீனாட்சிபுரம் பக்கம் ரொம்ப வருஷம் டிடிபி சென்டர் நடத்தின அண்ணாச்சி ஒருத்தர் போன் பண்ணினார். "கடையைக் காலி பண்ணப் போறேன் தம்பி. பரண்ல ஒரு பழைய சிஸ்டம் கெடக்கு. விண்டோஸ் 98 ஆக்கும். நாளைக்கு ஆக்கர்காரன் வாறான். வேணும்னா வந்து எடுத்துக்கிடுங்க." ஆக்கர் என்றால் எங்கள் ஊரில் பழைய இரும்பு, பிளாஸ்டிக் சாமான்.

வேண்டாம் என்றுதான் சொல்ல இருந்தேன். போனை வைக்கும்போது அவர் சொன்ன ஒரு வரி என்னைப் பைக் எடுக்க வைத்தது. "வாத்தியாரு பாட்டெல்லாம் அதுலதான் இருக்கு, பாத்துக்கிடுங்க."

வாத்தியார் என்று அவர் சொன்னது, ஓய்வுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் ஊர் ஊராகக் கொடைவிழாக்களுக்குப் போய் வில்லுப்பாட்டுக் கதைகளை நோட்டில் எழுதிச் சேர்த்த ஒரு பள்ளி ஆசிரியரை. 2000 வாக்கில் புத்தகம் போடலாம் என்று இந்தக் கடையில் டைப் அடிக்கக் கொடுத்தார். பக்கம் கட்டும் வேலை முடிந்தது. அச்சுக்குக் காசு புரளவில்லை. அவர் காலமான பிறகு வீட்டில் இருந்த நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. ஆக, அந்தப் பாட்டுகள் உலகத்தில் எங்காவது இருந்தால், இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கணும்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது. சில வருஷம் முன்னால் இதே மாதிரி ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கையில் வந்தது. மாட்டினேன், "டிஸ்கில் பிழை இருக்கிறது, சரிசெய்யவா?" என்று கேட்டது. சரி என்று கொடுத்தேன். ராத்திரி முழுக்க அது சரிசெய்தது. காலையில் டிஸ்க் கட்டைவண்டி மாதிரி சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. அதில் இருந்தது என் சொந்தத் தாத்தாவின் கணக்குக் குறிப்புகள். தப்பு என்னுடையதுதான். அந்தத் தப்பில் படித்ததை இந்தப் பெட்டியில் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

1. உடனே சுவிட்சைப் போடாதீங்க

பல வருஷம் கிடந்த கம்ப்யூட்டரைக் கண்டதும் எல்லோருக்கும் வருகிற ஆசை, "ஓடுதான்னு பாப்போம்" என்பது. அதை அடக்கணும். நம்ம மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று ரெண்டு பருவமழையும் உண்டு, போதாததுக்குக் கடல்காற்று. ஈரமும் உப்பும் சேர்ந்தால் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். மூடியைத் திறந்தபோது உள்ளே பல்லி முட்டை ஓடு, கரப்பான் எச்சம், திரியாகத் திரண்ட தூசி எல்லாம் இருந்தது. பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தேன்.

அடுத்து மதர்போர்டில் நிற்கிற சின்ன உருளைகளைப் பார்க்கணும். அவை கெப்பாசிட்டர்கள். தலை தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் போச்சு. 2000-ஐ ஒட்டிய சில வருஷங்களில் தரம் கெட்ட கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் புழங்கின. அந்தக் காலத்துப் பலகைகள் பலவும் இப்படித்தான் செத்தன. இதிலும் ரெண்டு உப்பியிருந்தது. வடசேரியில் டிவி ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொடுத்து மாற்றினேன். மைக்ரோஃபாரட் அளவு அதேதான் இருக்கணும்; வோல்ட் அளவு அதே அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீங்க. வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கிற மின்சாரம் நிற்கும்.

2. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, முதலில் பிரதி எடுங்க

பெட்டியை ஓட்டுவதற்கு முன்பே டிஸ்கைத் தனியாகக் கழற்றினேன். 4.3 ஜிபி, 40 ஊசி உள்ள பழைய ஐடிஇ வகை. இதை யுஎஸ்பியில் இணைக்க அடாப்டர் கிடைக்கும். மூன்றரை அங்குல டிஸ்குக்குத் தனியாக 12 வோல்ட் மின்சாரமும் வேணும் என்பதால் பவர் அடாப்டரோடு வருகிறதா என்று பார்த்து வாங்கணும்.

முக்கியமான விஷயம்: சாகக் கிடக்கிற டிஸ்குக்கு ஆயுள் மணிக்கணக்கில்தான். அந்த மணிகளை வைத்தியத்தில் செலவழிக்கக் கூடாது, பிரதி எடுப்பதில் செலவழிக்கணும். ஃபைல்களைத் திறந்து பார்ப்பது, பழுது நீக்கும் கருவியை ஓட்டுவது எல்லாம் பிறகு, அதுவும் பிரதியின் மேல்.

இதற்கு லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இதன் புத்தி பிடித்திருக்கிறது. படிக்க வராத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகும். சுலபமாக வருவதை முதலில் அள்ளிக்கொண்டு, பிறகு திரும்பி வந்து கஷ்டமான இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். இடையில் நிறுத்தினாலும் குறிப்புக் கோப்பு இருப்பதால் விட்ட இடத்தில் தொடரும். மூன்று ராத்திரி ஓட்டினேன். கடைசியில் படிக்கவே முடியாமல் போனது 212 கிலோபைட். மொத்த டிஸ்கில் அது ஒரு துளி. ஆனால் அந்தத் துளி எந்தப் பாட்டுக்குள் விழுந்திருக்கிறது என்பது அப்போது தெரியாது.

3. பெட்டியை ஓட வைத்தது

பிரதி கைக்கு வந்த பிறகுதான் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். நீளமான பீப் சத்தம் திரும்பத் திரும்ப வந்தது. ராம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். ராமைக் கழற்றி, தங்கநிறக் கால்களைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, துடைத்து மாட்டினதும் படம் வந்தது. பிறகு தேதி 1999-இல் நின்றது. மதர்போர்டில் ஐந்து ரூபாய்க் காசு மாதிரி இருக்கிற 3 வோல்ட் பேட்டரி, சிஆர் 2032, தீர்ந்துபோனால் இப்படித்தான். தேதியோடு ஹார்ட் டிஸ்க் விவரத்தையும் பெட்டி மறந்துவிடும். புது பேட்டரி போட்டு, பயாஸில் தானாகக் கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒரு மணிக்கூரில் விண்டோஸ் 98-இன் மேகப்படம்!

ஆனால் தினசரி வேலைக்கு இந்தப் பெட்டியை நம்ப முடியாது. அதனால் பிரதியை 86பாக்ஸ் என்கிற எமுலேட்டரில் போட்டேன். அது பழைய சில்லுகள், பலகைகளோடு ஒரு முழுக் கம்ப்யூட்டரையே மென்பொருளாகப் போலச்செய்கிறது. ராம் 128 எம்பி கொடுத்தால் போதும். தாராளமாக ஒரு ஜிபி கொடுத்தால் விண்டோஸ் 98 திணறும். 512 எம்பிக்கு மேல் அதற்குத் தாங்காது. இணையத் தொடர்பைக் கட்டாயம் துண்டித்து வைக்கணும். பழைய இயங்குதளத்தை வருஷக்கணக்கில் ஓட்டலாம், வலையில் மட்டும் மாட்டக் கூடாது.

எமுலேட்டரில் ஒரு இடத்தில் முட்டியது. அண்ணாச்சி பயன்படுத்தின தமிழ் டைப்பிங் மென்பொருள், பிரிண்டர் போர்ட்டில் ஒரு பூட்டுக் கட்டை மாட்டியிருந்தால்தான் திறக்கும். கட்டை நிஜப் பெட்டியில்தான் வேலை செய்யும். ஒரு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது: பூட்டு எழுதுவதற்குத்தான். வாசிப்பதற்கு எழுத்துரு போதும். அது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. பேஜ்மேக்கரைத் திறந்தேன். பாட்டு வந்து நின்றது.

4. எழுத்து இருக்கிறது, தமிழ் இல்லை

பேஜ்மேக்கரில் இருந்து உரையை வெளியே எடுத்ததும் கண்டது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. இது ஏன் என்று தெரிந்தால்தான் மீட்க முடியும்.

யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனால் விண்டோஸில் அதற்கு ஆதரவு வந்தது விண்டோஸ் 2000-இல்தான். அதுவரை எல்லோரும் செய்தது ஒரு தந்திரம்: ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்துவிடுவது. உதாரணத்துக்குப் பாமினி எழுத்துருவில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக அடித்தால் திரையில் "தமிழ்" என்று தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஜே, கே, பி, ஓ மட்டும். எழுத்துருவை உருவினால் தமிழும் போய்விடும். ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வரிசை வைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று பொதுக் குறியீடுகள் வந்தன. உலகத் தமிழர்கள் சேர்ந்து உருவாக்கிய டிஸ்கி இன்னொரு பக்கம். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல்.

அதனால் மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றணும். எழுத்துரு எது என்று சரியாகச் சொன்னால் முக்கால்வாசி வந்துவிடும். மீதியில்தான் வேலை. பழைய எழுத்துருவில் "கொ" என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று சேமிக்கப்படும். யூனிகோடில் க முதலில், குறி பிறகு. மாற்றி இதை இடம் மாற்றிப் போடணும். ஔகாரத்துக்குப் பின்னால் வருகிற குறியும் ள என்ற எழுத்தும் பழைய எழுத்துருக்களில் ஒன்றேதான். அதனால் ஏமாந்த மாற்றி "வெளியீடு" என்பதை "வௌியீடு" ஆக்கிவிடும். இணையத்தில் இதை நீங்களும் பார்த்திருப்பீங்க. இன்னொன்று, காலுக்குப் பதில் ர அடிப்பது. தாளில் "காலம்" என்றே தெரியும். மாற்றியில் "கரலம்" என்று வரும். இதை எந்த மென்பொருளும் முழுசாகத் திருத்தாது. வில்லுப்பாட்டுச் சொற்கள் அகராதியிலும் இருக்காது. வரிவரியாக வாசித்துத்தான் திருத்தினேன், ரெண்டு மாசம்.

5. பிரதி எடுக்கிற பழக்கம்

இந்த வேலை நாஞ்சில் நாட்டுக்குப் புதுசு இல்லை. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை படித்துப் பிரதி எடுத்தார். அ.கா. பெருமாள் பின்னாளில் அவற்றை வைத்து "முதலியார் ஓலைகள்" என்று புத்தகமே போட்டார். ஓலை நூற்றாண்டுகளாக நின்றது, பிரதியால். இங்கிலாந்தில் 1086-இல் எழுதின டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்குப் புத்தகத்தை இன்றைக்கும் வாசிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டுக்காக 1986-இல் பிபிசி லேசர் வட்டில் போட்ட புது டூம்ஸ்டே பதினைந்து வருஷத்தில் வாசிக்க ஆளில்லாமல், இயந்திரம் இல்லாமல் போகப் பார்த்தது; லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் எமுலேட்டர் வழியாகத்தான் அதை மீட்டெடுத்தன. 1998 பொங்கலன்று தொடங்கின மதுரைத் திட்டம் மின்னூல்களை முதலில் பழைய எழுத்துருவிலும், பிறகு டிஸ்கியிலும், பிறகு யூனிகோடிலும் போட்டது. குறியீடு மாறுகிறபோது அதோடு கூடவே மாறினதால்தான் அந்த நூல்கள் இன்றைக்கும் திறக்கின்றன.

பெட்டியை நிரந்தரமாக உயிரோடு வைத்திருக்க யாராலும் முடியாது. அடுத்த பிரதி எடுக்கும் வரைக்கும் ஓட வைத்தால் போதும். இப்போது என்னிடம் மூன்று இருக்கிறது: டிஸ்கின் முழுப் பிரதி, பேஜ்மேக்கர் பக்கங்களின் பிடிஎஃப், யூனிகோடு உரை. மூன்றும் மூன்று வீட்டில். மாற்றியில் தப்பு இருந்தால் பிடிஎஃப் காட்டிக் கொடுக்கும். பிடிஎஃப்பில் சந்தேகம் என்றால் முதல் பிரதி இருக்கிறது.

2011-இல் இருந்து நம்ம பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப்களும் இப்போது பரணுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல். 64 பிட் இயந்திரம் என்றால் ஒரு எஸ்எஸ்டியும் இலகுவான லினக்ஸும் போட்டுப் படிப்புக்கு இன்னும் ஓட்டலாம். 32 பிட் என்றால் கஷ்டம். டெபியன்கூடத் தன் 13-ஆம் பதிப்பில் அதற்கான நிறுவியை நிறுத்திவிட்டது. எதுவானாலும் முதலில் உள்ளே இருக்கிற போட்டோவையும் எழுத்தையும் வெளியே எடுங்க.

அந்த 212 கிலோபைட் எங்கே விழுந்தது என்று கேட்டால், ஒரு கதையின் நடுவில். நாற்பது வரி போல இல்லை. ஃப்ளாப்பிகள் ஒன்பது இருந்தன. பூஞ்சை பிடித்ததில் நாலுதான் படித்தது, அந்த நாலிலும் அது இல்லை. செல்லரித்த ஓலையைப் பதிப்பித்தவர்கள் புள்ளி வைத்தது போல நானும் புள்ளி வைத்திருக்கிறேன். தெரிந்த புலவர் யாராவது பாடிக் கேட்டால் நிரப்பலாம்.

மிச்சத்தை அச்செடுத்து வாத்தியாரின் மகளிடம் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா காலுக்கு ர போட மாட்டாவ, இது டைப் அடிச்சவன் தப்பு" என்று பேனாவை எடுத்தார். நான் விட்ட ஒரு "கரலம்".

உங்கள் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். ஆக்கருக்குத்தான் போகணும் என்றால் போகட்டும். ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி எடுத்துக்கிட்டுக் கொடுங்க. நாலு திருகுதான்.