மின்தூக்கி வராத மாளிகை: பழைய கட்டடத்தை எல்லாருக்கும் திறப்பது எப்படி?



ஈப்போ வட்டாரத்தில் கல்விச் சுற்றுலா என்றாலே பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லிஸ் காசல் பட்டியலில் வந்துவிடும். போய் வந்த மாணவர்கள் பெரும்பாலும் பேய்க்கதையோடுதான் திரும்புவார்கள். அடுத்த முறை போகும்போது வேறொன்றைக் கவனியுங்க. அந்த மாளிகைக்குள் மின்தூக்கி ஏறி இறங்குவதற்காக விடப்பட்ட செங்குத்தான வெற்றிடம் ஒன்று இருக்கிறது. அதில் மின்தூக்கி ஒருநாளும் ஓடியதில்லை. இன்றும் மேல்மாடிக்குப் போக வேண்டுமானால் படி ஏறித்தான் ஆக வேண்டும்.

அப்படின்னா, படி ஏற முடியாதவர்களுக்கு அந்த வரலாறு எப்படிக் கிடைக்கும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, பழைய கட்டடங்களை இக்காலப் பயன்பாட்டுக்கு மாற்றுவது பற்றிப் பார்ப்போம்.

யார் கட்டியது?

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். கிந்தா வட்டாரத்தில் காட்டை அழித்து ரப்பர் தோட்டம் உருவாக்கினார். ஈயத் தொழிலிலும் ஈடுபட்டார். 1915-இல் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பிய கைகளில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களின் கைகள் பல. இடையில் ஸ்பானிய சளிக்காய்ச்சல் பரவி, அவர்களில் பலர் இறந்தார்கள். தங்களுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்க, ஸ்மித் உதவியதால் அருகில் மாரியம்மன் கோயில் எழும்பியது. கோயிலில் தெய்வச் சிலைகளுக்கு இடையே தொப்பி அணிந்த ஸ்மித்தின் உருவத்தையும் காணலாம்.

1926-இல் ஸ்மித் போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை வேலை அப்படியே நின்றுபோனது. மலாயாவின் முதல் மின்தூக்கி இங்கேதான் வந்திருக்கும் என்று சொல்வார்கள். வெற்றிடம் மட்டும் மிஞ்சியது.

பூட்டி வைப்பது பாதுகாப்பா?

பழைய கட்டடத்தைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத கட்டடத்தில் ஓடு உடைந்தாலும் யாரும் பார்ப்பதில்லை; மழைநீர் இறங்கி, சுவரில் ஆலஞ்செடி வேர்விடும். நம் தோட்டப்புறங்களில் ஆள் போன பிறகு லயங்கள் என்ன ஆயின என்பதை நினைத்துப் பாருங்க.

1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் இதையே வலியுறுத்துகிறது: சமூகத்துக்குப் பயன்படும்படி வைத்திருப்பது பாதுகாப்புக்குத் துணைசெய்யும், ஆனால் அந்தப் பயன்பாடு கட்டடத்தின் அமைப்பையும் அழகையும் மாற்றிவிடக் கூடாது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டு நகரில் குவேக்கர் சமயத்தார் 1670-இல் கட்டிய கூடத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. 1917-இல் திறக்கப்பட்ட நம் ஈப்போ இரயில் நிலையமும் இன்றுவரை இரயில் நிலையமாகவே இருக்கிறது. 2010 முதல் மின்சார இரயிலும் அங்கே வந்து நிற்கிறது. பயன்பாடுதான் இவற்றை உயிரோடு வைத்திருக்கிறது.

இரண்டு சட்டங்கள், ஒரே கட்டடம்

மலேசியாவில் இரண்டு சட்டங்களை இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் (சட்டம் 645) மரபுச் சின்னங்களைப் பாதுகாக்க வழிசெய்கிறது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் (சட்டம் 685), பொது இடங்களையும் கட்டடங்களையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமை மாற்றுத் திறனாளிகளுக்கு உண்டு என்கிறது. ஒன்று "கட்டடத்தைக் கெடுக்காதே" என்கிறது. மற்றொன்று "கதவைத் திற" என்கிறது. இரண்டையும் நிறைவேற்றுவதுதான் கட்டடக் கலைஞரின் வேலை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சக்கர நாற்காலிக்கான சாய்வுப் பாதைக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு 1:12. அதாவது, 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம்.

• ஒரு படியின் உயரம் 15 சென்டிமீட்டர் என்றால், பாதையின் நீளம் 180 சென்டிமீட்டர்.
• மூன்று படிகள் என்றால் 45 சென்டிமீட்டர் உயரம், நீளம் 5.4 மீட்டர்.
• ஒரு மாடியின் உயரம் 4 மீட்டர் என்றால் 48 மீட்டர் வேண்டும். நடுவில் நின்று இளைப்பாறும் சமதளங்களைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

வாசல் படிக்குச் சாய்வுப் பாதை போதும். மாடிக்கு அது ஒத்துவராது, மின்தூக்கி வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

வேலை செய்யும்போது மூன்று விதிகளை நினைவில் வையுங்க. முதலாவது, தேவையான அளவுக்கு மட்டும் மாற்றுவது. இரண்டாவது, பின்னாளில் கழற்றி எடுக்கக்கூடியதாகச் சேர்ப்பது. பழைய படியை உடைக்காமல் அதன்மேல் மரத்திலோ இரும்பிலோ சாய்வுப் பாதை அமைப்பது இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாவது, பழைய பொருளுக்கு ஒத்துப்போகும் பொருளைப் பயன்படுத்துவது. சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த பழைய செங்கல் சுவருக்கு மேலே சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, செங்கல்லையே அரித்துவிடும்.

கெல்லிஸ் காசலில் என்ன செய்யலாம்?

விவாதக் கட்டுரைக்கு இது நல்ல தலைப்பு. காலியாக இருக்கும் அந்த இடத்தில் மின்தூக்கி பொருத்தலாம் என்பது ஒரு பக்கம். வேறு சுவரை இடிக்க வேண்டியதில்லை. கட்டியவரின் திட்டமும் நிறைவேறும். மறுபக்கம், முடிக்கப்படாமல் நின்றதே அந்தக் கட்டடத்தின் வரலாறு. அந்த வெற்றிடமே ஒரு சான்று. மேலும், நூறாண்டுச் சுவர் புதிய பாரத்தைத் தாங்குமா, உள் அளவு போதுமா என்று பொறியாளர் சோதிக்காமல் கை வைக்க முடியாது.

நடுவழியும் உண்டு. தரைத்தளத்திலேயே தொட்டுப் பார்க்கும் மாதிரி வடிவம், மேல்மாடிக் காட்சிகளைக் காட்டும் ஒளிப்படக் காட்சி, தமிழில் ஒலி விளக்கம் ஆகியவற்றை வைக்கலாம். ஆனால் இவை படம் காட்டுமே தவிர, மேலே நின்று பார்க்கும் அனுபவத்தைத் தராது. இதையும் கட்டுரையில் நேர்மையாகச் சொல்லுங்க.

பால்மரம் சீவி முட்டி தேய்ந்த ஒரு பாட்டி, தன் முன்னோர் போன்றவர்கள் எழுப்பிய சுவரைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது என்றால், நாம் பாதுகாத்தது கல்லை மட்டும்தான். அந்த வரலாற்றுக்கு உரியவர்கள் உள்ளே வருவதும் பாதுகாப்பில் ஒரு பகுதிதான்.

வகுப்பறை நடவடிக்கை

மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, பள்ளியிலோ அருகிலுள்ள கோயில் மண்டபத்திலோ படிகளின் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். 1:12 கணக்கில் சாய்வுப் பாதையின் நீளத்தைக் கண்டுபிடித்து, அதற்கு அங்கே இடம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு, பொறுப்பாளருக்கு ஓர் அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். அளந்து கண்ட எண்கள் கையில் இருந்தால் கடிதத்தில் கருத்துக்குப் பஞ்சம் வராது.