மலைப்பாதை மோட்டார் சைக்கிளும் அதன் விலையும்

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குக் கரோல்பாக் பிறந்தகம் போன்றது. மத்திய சர்க்கார் அலுவலகங்களில் வேலையேற்று வந்த முந்தைய தலைமுறையினர் அங்கேதான் வாடகை வீடு பிடித்தனர். காப்பிப் பொடிக்கும் அப்பளத்திற்கும் அங்கேதான் சென்றனர். அதே கரோல்பாக்கின் நாயிவாலாத் தெருக்களில் இன்று நுழைந்தால் காதில் விழுவது மோட்டார் சைக்கிள்களின் ஓசையே. லடாக் மலைகளுக்குப் புறப்படும் இளைஞர்கள் வண்டி வாங்கவும், வாடகைக்கு எடுக்கவும், பழுது பார்க்கவும் அங்கே கூடுகின்றனர். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. விலையைக் கேட்டுத் தந்தை மலைப்பதும், "இப்போதெல்லாம் அப்படித்தான், அப்பா" என்று மகன் சொல்வதும் பல வீடுகளில் நிகழ்வதே. அந்த மறுமொழி போதுமானதன்று. விலை ஏன் ஏறியது? ஏறிய விலைக்கு ஈடாக என்ன கிடைத்தது? எது நம் கையைவிட்டுப் போயிற்று?

மண்ணிலும் சரளையிலும் ஓடுவதற்கென அமைந்த மோட்டார் சைக்கிளை இளைஞர்கள் 'டர்ட் பைக்' என்று வழங்குகின்றனர். இதில் இரு வகை உண்டு. ஒன்று பந்தயத்திற்கே உரியது. அதற்கு விளக்கு இல்லை, எண் பலகை இல்லை, பொதுச் சாலையில் செல்ல அனுமதியும் இல்லை. மற்றொன்று சாலையிலும் செல்லும், சாலை முடிந்த பின்னரும் செல்லும். நம் நாட்டில் பெரும்பாலோர் வாங்குவது இந்த இரண்டாம் வகையே. எனினும் மாறுதல் முதலில் தோன்றியது பந்தயக் களத்தில்தான். அங்கே நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். மேலே வால்வு கிடையாது, அதை இயக்கும் தண்டும் கிடையாது. கைப்பழக்கம் உள்ளவர் ஒரு மாலைப்பொழுதில் வீட்டிலேயே பிஸ்டனை மாற்றிவிடலாம். யமாஹா கம்பெனி 1998-ஆம் ஆண்டு மாடலாக ஒய்.இஸட். 400 எஃப் என்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியைக் கொணர்ந்த பின் நிலைமை மாறியது. வலிமை கூடியது, உறுப்புகளும் கூடின, எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் செலவு பன்மடங்காயிற்று. 2008 மாடல் சுஸுகி ஆர்.எம். இஸட். 450-இல் கார்ப்பரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் பெட்ரோல் செலுத்தும் அமைப்பு வந்தது. இன்று சில பந்தய வண்டிகளின் எஞ்சின் குணத்தைக் கைப்பேசியிலிருந்தே மாற்றியமைக்கலாம்.

இனி நம் நாட்டு வண்டிகளின் விலையைக் காண்போம். ஹீரோ நிறுவனத்தின் 'இம்பல்ஸ்' 2011-இல் வெளிவந்தபோது ஏறத்தாழ 67 ஆயிரம் ரூபாய். அதே நிறுவனத்தின் 'எக்ஸ்பல்ஸ் 200' 2019-இல் 97 ஆயிரத்தில் தொடங்கியது. 2025-இல் வந்த 'எக்ஸ்பல்ஸ் 210' 1 லட்சத்து 76 ஆயிரத்தில் தொடங்கியது. ராயல் என்ஃபீல்டின் 'ஹிமாலயன்' நம் தமிழ்நாட்டில் உருவாகி வடக்கே மலையேறும் வண்டி. 2016-இல் அதன் விலை 1 லட்சத்து 55 ஆயிரம். 2023-இல் வந்த 452 சி.சி. ஹிமாலயன் 2 லட்சத்து 69 ஆயிரத்திற்கு அறிமுகமாயிற்று. இவை யாவும் காட்சியறை விலைகளே. பதிவும் இன்ஷூரன்ஸும் தனி.

இந்த ஏற்றம் முழுவதையும் கம்பெனிகளின் மேல் சுமத்துதல் நியாயமாகாது. 2011-க்கும் 2025-க்கும் இடையே பொது விலைவாசியே ஏறத்தாழ இரு மடங்காயிற்று. வரியும் தன் பங்கைச் செய்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றிற்கு 40 ஆக உயர்ந்தது. இவற்றைக் கழித்த பின் எஞ்சும் ஏற்றம்தான் நம் ஆராய்ச்சிக்கு உரியது. அதன் பெரும்பகுதி உலோகத்திற்கு அன்று. உலோகத்தை மேற்பார்வையிடும் மின்னணுக் கருவிகளுக்கு நாம் செலுத்தும் விலை.

கார்ப்பரேட்டர் ஓர் எளிய, அழகிய கருவி. சிறு கிண்ணம் ஒன்றில் பெட்ரோல் நிற்கிறது. மிதவை ஒன்று அதன் மட்டத்தைக் காக்கிறது. எஞ்சின் இழுக்கும் காற்று ஒடுங்கிய குழாய் வழியே விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. 'ஜெட்' எனப்படும் நுண்துளையின் வழியே பெட்ரோல் மேலெழுந்து காற்றோடு கலக்கிறது. ஆனால் இக்கருவிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. மணாலியிலிருந்து ஏறி 17,000 அடியைத் தாண்டும்போது காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியாகிறது. காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. கலவை கனத்துவிடுகிறது, எஞ்சின் திணறுகிறது, கரும்புகை கக்குகிறது. அப்போது பழைய பயணிகள் வழியிலேயே அமர்ந்து சிறிய ஜெட்டை மாற்றிப் பூட்டினர். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்த்தனர்: கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பாக இருந்தால் சரி. கல்வி இவ்வளவே, கருவி ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பானரும்.

மின்னணு முறையிலோ, காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும், புகையில் எஞ்சியுள்ள பிராண வாயுவையும் 'சென்சார்' என்னும் உணர்கருவிகள் இடைவிடாது அளக்கின்றன. அவற்றின் செய்தியைப் பெறும் சிறு கணினி, ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று கணக்கிட்டு 'இன்ஜெக்டர்' வழியே தெளிக்கிறது. மலையுச்சியில் ஜெட் மாற்ற வேண்டிய தொல்லை தீர்ந்தது. (ஆனால் மெலிந்த காற்றால் குறையும் வலிமையை எந்தக் கணினியும் மீட்டுத் தராது, விற்பனையாளர் சிலர் இதைச் சொல்ல மறந்துவிடுகின்றனர்!)

இம்மாறுதலைக் கட்டாயமாக்கியது சட்டம். 2020 ஏப்ரல் முதல் தேதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டைச் சாதாரணக் கார்ப்பரேட்டரைக் கொண்டு நிறைவேற்றுதல் அரிதாயிற்று. புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் சேர்கின்றன. அவை மலிவானவை அல்ல. தில்லியின் குளிர்காலக் காற்றைச் சுவாசிக்கும் நாம் இச்சட்டத்தை வெறுக்க இயலுமா? குழந்தைகளின் நுரையீரலுக்காகச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அடுத்தது பிரேக். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும் தறுவாயில் பிரேக்கைக் கணப்பொழுது தளர்த்திப் பிடிக்கும் ஏற்பாடு அது. மழை நனைத்த தார்ச்சாலையில் உயிர் காப்பது. ஆனால் சரளையில் கதை வேறு. அங்கே பூட்டிய சக்கரம் தன் முன்னே கல்லையும் மண்ணையும் குவித்து, அந்தக் குவியலே ஆப்புப்போல் வண்டியை நிறுத்துகிறது. ஏ.பி.எஸ். அதற்கு இடந்தராமையால் வண்டி மேலும் சிறிது தூரம் ஓடுகிறது. ஆதலால் பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை மட்டும் நிறுத்திவைக்க ஒரு விசை தேவைப்பட்டது. 2020-இல் ஹிமாலயனுக்கு அது வந்தது.

சட்டம் கேளாமலே வந்தவையும் உண்டு. புதிய ஹிமாலயனில் கைப்பிடியைத் திருகினால் கம்பி எதுவும் இழுபடுவதில்லை. மின்செய்தி செல்கிறது, மோட்டார் ஒன்று காற்றுக் கதவைத் திறக்கிறது. வட்டத் திரையில் வழிகாட்டும் வரைபடம் தோன்றுகிறது. சௌகரியந்தான். எனினும் முன்னர் ஆக்ஸிலரேட்டர் கம்பி அறுந்தால் பையிலிருந்து வேறு கம்பி எடுத்துக் கால் மணி நேரத்தில் மாட்டிக்கொண்டவர், இன்று எச்சரிக்கை விளக்கு எரிந்தால் செய்வதறியாது நிற்கிறார்.

இங்கேதான் நாயிவாலாவின் மெக்கானிக் நினைவுக்கு வருகிறார். ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லும் செவி அவருடையது. பல்லாண்டு உழைப்பால் பெற்ற அந்த அறிவு கணினியின் முன் பயனற்றுப் போகலாமா? உண்மையில் மின்னணு வண்டிகளின் கோளாறுகள் பலவும் எளியவையே: தளர்ந்த இணைப்பு, நீர் புகுந்த பிளக், நலிந்த பாட்டரி, அடைத்த பெட்ரோல் வடிகட்டி. ஆனால் கணினி பதிந்து வைத்துள்ள குறியீட்டைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும்; அதன் முழுப் பயனும் பெரும்பாலும் கம்பெனியின் சொந்தப் பணிமனைக்கே கிட்டுகிறது. புகைக் கட்டுப்பாடு நம் அனைவருக்கும் உரிய நன்மை. குறியீட்டைப் பூட்டி வைப்பது அத்தகையதன்று. முன்னதற்கு விலை கொடுப்போம், பின்னதைக் கேள்வி கேட்போம். மத்திய நுகர்வோர் விவகார இலாகா 2022 ஜூலையில் 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஒரு வலைவாயிலையும் திறந்தது. மோட்டார் வாகனங்கள் அதில் அடங்கியுள்ளன. கையேடு, உதிரிப் பாகம், குறியீட்டுக் கருவி ஆகியவை வெளியாருக்கும் கிட்ட வேண்டும் என்பதே கோரிக்கை.

வண்டி வாங்க எண்ணும் இளைஞர் கடைக்காரரிடம் குதிரைத் திறனை மட்டும் கேட்டால் போதாது. குறியீடு படிக்கும் வசதி லேயில் யாரிடம் உண்டு, மணாலியில் யாரிடம் உண்டு என்றும் கேட்டறிக; இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 430 கிலோமீட்டர். புறப்படுமுன் பாட்டரியைச் சோதித்து, ஆற்று நீரைக் கடந்த பின் இணைப்புகளைத் துடைத்து உலர்த்தப் பழகிக்கொள்க. கார்ப்பரேட்டர் வைத்த பழைய 2016 ஹிமாலயன் நல்ல நிலையில் கிடைத்தால் அதையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் தில்லியில் பதிவான பெட்ரோல் வண்டிக்குப் 15 ஆண்டு வரம்பு உண்டென்பதை அறிந்து விலை பேசுக.