நாற்பது நாள் வீடு... நாய்க்குட்டிகளை வளர்த்து வழியனுப்பும் கோவைத் தன்னார்வலர்கள்!

ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்து விழும். பழைய அட்டைப்பெட்டி. உள்ளே, கிழிந்த துண்டின் மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நான்கு நாய்க்குட்டிகள். கூடவே ஒரு மெசேஜ்: 'பைபாஸ் ரோட்டோரத்துல யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க. இப்பத்தான் கண்ணு தொறந்திருக்குதுங்க. யாராச்சும் எடுத்துக்க முடியுங்களா?'

அடுத்த ஐந்து நிமிடங்களில் பதில்கள் குவியும். அழும் முகம், கூப்பிய கைகள், 'அய்யோ பாவம்', 'எந்த ஏரியாங்க?', 'ஷெல்டருக்குச் சொல்லுங்க'. பால் பவுடர் வாங்கப் பணம் அனுப்புவதாக ஒருவர் சொல்வார். வண்டி எடுத்துக்கொண்டு கிளம்ப இன்னொருவர் தயாராக இருப்பார். எல்லாம் கிடைத்துவிடும். கிடைக்காதது ஒன்றுதான். அந்த நான்கு குட்டிகளும் இன்று ராத்திரி படுக்க ஓர் இடம்.

'எங்க வீட்டுக்குக் கொண்டாங்க' என்று யாராவது ஒருவர் எழுதும் வரை அந்தப் பெட்டி நகராது. அப்படி எழுதுகிறவர்களைத்தான் நாய் மீட்புக் குழுக்களில் 'ஃபாஸ்டர்' என்கிறார்கள். குட்டியைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளாமல், நிரந்தர வீடு கிடைக்கும் வரை தன் வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுப்பவர். கோவையில் நாயை மீட்க ஆட்கள் உண்டு, நன்கொடை தர மனம் உண்டு. தட்டுப்பாடு எப்போதும் இந்த இடைக்கால வீடுகளுக்குத்தான்.

ஐந்தில் ஒன்றுதான் பிழைக்கிறது

தெருவில் பிறக்கும் குட்டியின் கதை என்ன ஆகிறது என்பதைக் கொல்கத்தாவின் ஐசர் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைக் கண்காணித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மாத வயது வரை உயிரோடு இருந்தவை சுமார் 19 சதவிகிதம் மட்டுமே. இறந்தவற்றில் 63 சதவிகிதம் மனிதர்களால் போனவை. வாகனம் ஏறியது, அடித்தது, விஷம் வைத்தது, தாயிடமிருந்து பிரித்தது என எல்லாம் அதில் அடக்கம்.

"அப்படியென்றால் காப்பகத்தில் விட்டுவிடலாமே?" என்று கேட்கத் தோன்றும். இரண்டு வாரக் குட்டியைப் பல நாய்கள் வந்துபோகும் இடத்தில் விடுவது, பிறந்த குழந்தையைத் தொற்றுநோய் வார்டில் படுக்கவைப்பது போலத்தான். காரணம், பார்வோ வைரஸ். ரத்தபேதி, வாந்தி எனத் தொடங்கி, சிகிச்சை தாமதமானால் இரண்டு மூன்று நாள்களில் உயிரையே எடுத்துவிடும். நோய் கண்ட நாயின் மலத்திலிருந்து தரை, செருப்பு, பாத்திரம் என்று பரவும். சுத்தம் செய்யாவிட்டால் அந்த இடத்திலேயே மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். தடுப்பூசியோ குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில்தான் தொடங்கும். அதுவரை குட்டிக்குத் தேவை கூட்டமில்லாத, சுத்தமான, கதகதப்பான ஒரு மூலை. அது ஒரு வீட்டில்தான் கிடைக்கும்.

கோவையில் தொடங்கிய கதை

2004-ல் அமெரிக்காவிலிருந்து கணவரோடு கோவைக்குத் திரும்பிய மினி வாசுதேவன், இங்கே தெரு விலங்குகள் படும் பாட்டைப் பார்த்துக் கலங்கிப்போனார். 2006-ல் 'ஹியூமேன் அனிமல் சொசைட்டி' தொடங்கப்பட்டது. தெரு நாய்களுக்குக் கருத்தடை, ரேபிஸ் தடுப்பூசி, அடிபட்டவற்றுக்குச் சிகிச்சை, குட்டிகளுக்குத் தத்து என்று விரிந்த பணிக்காக, 2018-ஆம் ஆண்டுக்கான 'நாரி சக்தி புரஸ்கார்' விருது மினி வாசுதேவனுக்கு அறிவிக்கப்பட்டு, 2019 மகளிர் தினத்தன்று குடியரசுத் தலைவர் கையால் வழங்கப்பட்டது.

தெரு நாயைக் கொல்லாமல் கருத்தடை செய்யலாம் என்ற யோசனையே தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1959-ல் சென்னையில் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ், 1964-லேயே அதைச் செய்யத் தொடங்கியது. 2001-ல் அது மத்திய அரசின் விதியாகவே வந்தது. 2023-ல் அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன. கருத்தடை செய்த நாயின் காதில் சிறு வெட்டு இருக்கும். உங்கள் தெரு நாயின் காதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்தப் பெரிய வேலைகளுக்கெல்லாம் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதுதான் ஃபாஸ்டர் வீடுகளின் வேலை. பீளமேட்டில் ஐ.டி ஊழியர், வடவள்ளியில் ரிட்டயர்டு ஆசிரியர், சரவணம்பட்டியில் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த வாடகை வீடு... எந்த வீடும் ஃபாஸ்டர் வீடாகலாம். ஒரு பால்கனியோ குளியலறை மூலையோ போதும்.

நாற்பது நாளில் என்ன நடக்கும்?

கண் திறந்த குட்டிக்கு வயது ஏறக்குறைய இரண்டு வாரம். தத்துக் கொடுக்கக் குறைந்தது எட்டு வாரம் ஆக வேண்டும். இடையில் இருப்பது சுமார் நாற்பது நாள்.

முதல் ராத்திரி தூக்கம் கிடையாது. குட்டியைக் கையில் வாங்கியதும் பால் கொடுக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். ஆனால், உடல் சில்லிட்ட குட்டிக்குப் பால் ஜீரணமாகாது. முதலில் சூடு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைக்க வேண்டும். உடல் கதகதப்பானதும், நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்தபடி புகட்ட வேண்டும். குழந்தை மாதிரி மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். பால் குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றை மெல்ல வருடிவிட வேண்டும். தாய் நக்கிவிடும் அந்த உணர்வு இருந்தால்தான் மூன்று வாரக் குட்டி வரை சிறுநீரே கழிக்கும். மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை இதே வேலை. காலையில் ஆபீஸும் போக வேண்டும்.

தினமும் கிச்சன் தராசில் எடை போட்டு எழுதி வைப்பார்கள். எடை கூடவில்லை என்றால் அன்றே டாக்டர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து. நாலாவது வாரத்தில் குழைய வேகவைத்த சோறும் கோழியும் ஆரம்பம். அன்றிலிருந்து வீட்டில் பழைய பேப்பருக்குத் தனி மரியாதை வந்துவிடும். பேப்பர் விரிக்க, சுருட்ட, திரும்பவும் விரிக்க. தரையை ப்ளீச் கலந்த தண்ணீரில் துடைக்க வேண்டும். வெளியே போட்ட செருப்பு உள்ளே வரக் கூடாது. வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டு வாரம் இரண்டும் பார்த்துக்கொள்ளவே கூடாது.

ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு நடப்பது படிப்பு. குக்கர் விசில், மிக்ஸி சத்தம், ரெயின்கோட் போட்டு வரும் ஆள், காலிங் பெல், குழந்தைகளின் கத்தல்... எல்லாவற்றையும் பயமில்லாமல் பழக வேண்டிய வயது அது. மூன்று வாரத்திலிருந்து சுமார் மூன்று மாதம் வரை ஒரு குட்டி பார்ப்பதும் கேட்பதும்தான் அதன் வாழ்நாள் சுபாவத்தைத் தீர்மானிக்கும். மனிதர்களோடு பழகாமல் வளர்ந்த குட்டி பயந்து கடிக்கும். கடிக்கிற நாயைத் தத்தெடுத்தவர் திருப்பி அனுப்புவார். வீட்டுக்குள் வளர்ந்த குட்டிக்கு இந்தப் பாடம் தானாகவே நடந்துவிடுகிறது.

இதெல்லாம் சுலபமாக நடப்பதில்லை. அபார்ட்மென்ட் சங்கத்திலிருந்து புகார் வரும். ஹவுஸ் ஓனர் முகம் சுளிப்பார். "நம்ம வீட்ல நாலு பேர் சாப்பிடறதே பெருசு, இதுல இது வேறயாங் அம்மிணி?" என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். அதே பெரியவர், இரண்டாவது வாரத்தில் யாருக்கும் தெரியாமல் குட்டிக்கு முட்டை வேகவைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார் என்பது தனிக்கதை.

"பொட்டைக் குட்டிங்களா? வேண்டாங்க!"

குட்டிக்கு எட்டு வாரம் ஆனதும் போட்டோ போடுவார்கள். போன் வரும். பெரும்பாலும் முதல் கேள்வியே, "ஆண் குட்டி இருக்குங்களா?" என்பதுதான். பெண் குட்டி என்றதும் போன் வைக்கப்படும். 'குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்' என்ற பயம். ஆறு மாத வயதையொட்டி ஒரு கருத்தடை அறுவை சிகிச்சை செய்தால் அந்தப் பயத்துக்கு வேலையே இல்லை என்பதைத் தன்னார்வலர்கள் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெட்டியில் வந்த குட்டிகளில் பெண் குட்டிகள் கடைசிவரை மிஞ்சி நிற்பது இப்போதும் வழக்கம்தான்.

அடுத்த கேள்வி, "என்ன ஜாதிங்க? லேப்ரடார் மாதிரி இருக்குமா?" நாட்டு நாய் என்றால் ஆர்வம் இறங்கிவிடும். இத்தனைக்கும் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், எஜமானோடு நின்று காவல் காத்த 'கோவிவன்' என்ற நாய்க்கு நடுகல்லில் பெயர் பொறித்த மண் இது. ஏழாம் நூற்றாண்டுக் கல் அது. கொங்கு வெயிலுக்குப் பழகிய உடம்பு, வீட்டுச் சாப்பாடு, கம்மியான மருத்துவச் செலவு என்று பார்த்தால் நடுத்தரக் குடும்பத்துக்கு நாட்டு நாயே பொருத்தம்.

ஆள் கிடைத்துவிட்டாலும் உடனே கொடுத்துவிட மாட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? வாடகை வீடு என்றால் ஓனரிடம் கேட்டாயிற்றா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? தோட்டத்துச் சாளையில் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடத்தான் கேட்கிறார்களா? கருத்தடை செய்வீர்களா? இவ்வளவு கேள்வி கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். "பொண்ணு கேட்டு வந்தாக்கூட இத்தன கேள்வி இல்லீங்க" என்பார்கள். ஆனால், கேட்காமல் கொடுத்த குட்டி ஆறே மாதத்தில் திரும்பவும் தெருவில் நிற்கும் என்பது அனுபவம் கற்றுத் தந்த பாடம்.

இதிலேயே கடினமான கேள்வி, ஃபாஸ்டர் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது. 'இந்த ஒண்ண மட்டும் நாமளே வெச்சுக்கலாமா?' அப்படி வைத்துக்கொள்பவர்களை 'ஃபாஸ்டர் ஃபெயில்' என்று குழுவில் கிண்டல் செய்வார்கள். கிண்டலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு நாய்களை வைத்துக்கொண்ட வீட்டில் மூன்றாவது அட்டைப்பெட்டிக்கு இடமிருக்காது. அழுதுகொண்டே கொடுத்துவிடுகிற வீட்டில், வருடத்துக்கு நான்கைந்து முறை பெட்டி வைக்க இடம் இருக்கும்.

ஆடு இழந்தவருக்கு என்ன பதில்?

நாய்ப் பாசம் பற்றிப் பேசும்போது கொங்கு மண்ணில் ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பட்டிக்குள் புகுந்து தெரு நாய்கள் ஆடுகளைக் கடித்துக் குதறியதும், செத்த ஆடுகளை வைத்து விவசாயிகள் போராடியதும் சமீபத்தில் நடந்தவை. விடிந்து போய்ப் பார்த்தபோது பட்டி முழுக்க ரத்தமாகக் கிடந்த ஒருவரிடம் 'பாவம், வாயில்லா ஜீவன்' என்று நாயைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆடும் வாயில்லா ஜீவன்தான்.

விவரம் தெரிந்த தன்னார்வலர்கள் இதை மறுப்பதில்லை. குட்டியைக் காப்பாற்றித் திரும்பவும் தெருவிலேயே விட்டால் பிரச்னையை வளர்க்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். நாய்க்குக் கர்ப்பகாலம் சுமார் 63 நாள்தான். ஒரு வயதுக்குள்ளாகவே பெண் நாய் குட்டி போட்டுவிடும். ஆக, ஒரு பெண் குட்டியை ஒரு வீட்டில் சேர்த்து, கருத்தடையும் செய்துவிட்டால், அடுத்த வருடம் ரோட்டோரத்தில் ஓர் அட்டைப்பெட்டி குறையும்.

இப்போது இதற்கு அவசரமும் கூடியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாய்களை அதே இடத்தில் விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்றது. விரும்புகிறவர்கள் தெரு நாயைத் தத்தெடுக்க உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், தத்தெடுத்த நாய் திரும்பத் தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. நவம்பர் 7-ல், பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவை எல்லாம் எங்கே போகும்? காப்பகங்கள் நிரம்பும்போது, ஒரு குட்டியாவது வீட்டுக்குப் போவது இன்னும் முக்கியமாகிறது.

குட்டியைப் பார்த்தால் என்ன செய்யலாம்?

* உடனே தூக்க வேண்டாம். தாய் இரை தேடிப் போயிருக்கலாம். தள்ளி நின்று ஓரிரு மணி நேரம் கவனியுங்கள். தாய் இருந்தால், தாய்க்குச் சாப்பாடு வைப்பதே பெரிய உதவி.

* வாகனம் வரும் இடம், மழை, தாய் இறந்துவிட்டது என்றால் மட்டும் எடுங்கள். குளிப்பாட்ட வேண்டாம். முதலில் சூடு, பிறகு பால்.

* வீட்டு நாயோடு சேர்க்க வேண்டாம். குட்டி பிடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

* குட்டிதானே என்று கடியையும் நகக்கீறலையும் அலட்சியம் செய்யக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்.

* நாற்பது நாள் முடியாதா? டாக்டரிடம் கூட்டிப் போக வண்டி, ஊருக்குப் போகும் ஃபாஸ்டருக்குப் பதிலாக இரண்டு நாள், பழைய பேப்பர் ஒரு கட்டு... இவையும் கணக்கில் சேரும்.

வழியனுப்பும் நாள்

தத்து கொடுக்கும் நாளில் ஃபாஸ்டர் வீட்டில் ஒரு சின்னப் பை தயாராக இருக்கும். தடுப்பூசி அட்டை, இரண்டு நாள் சாப்பாடு, குட்டி படுத்துப் பழகிய துணித் துண்டு. புது வீட்டில் முதல் ராத்திரி அழாமல் இருக்க அந்தத் துணியின் வாசனை உதவும். வீட்டுக் குழந்தை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வராது. பெரியவர், "ராத்திரி லைட்ட அணைக்காதீங்க, பயந்துக்கும்" என்று இரண்டு தடவை சொல்வார்.

கார் தெருமுனை திரும்பியதும், முப்பது பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ப்ளீச் கலந்து கூண்டைக் கழுவி, மொட்டை மாடியில் வெயிலில் கவிழ்த்து வைப்பார்கள். அன்று ராத்திரி புது வீட்டிலிருந்து ஒரு போட்டோ வரும். சோபாவின் மேல், பழைய துணியைக் கட்டிக்கொண்டு தூங்கும் குட்டி.

கூண்டு காய ஒரு நாள் ஆகும். கார்த்திகை, மார்கழியில் குட்டிகள் அதிகம் பிறக்கும் நாள்களில், அது காய்வதற்கு முன்பே குழுவில் அடுத்த படம் வந்துவிடும்.