இனச்சுழற்சிப் பதிவேட்டைத் திறந்து காட்டுங்கள்



மறைந்தவர்கள் பாதியில் விட்டுச்சென்ற வேலையைப் பேசுவதையே நாம் அஞ்சலி என்று கருதுகிறோம். அப்படிப் பாதியில் நிற்கும் வேலைகளுள் ஒன்று பல்கலைக்கழக ஆசிரியர் பணியிடங்கள்.

பல்கலைக்கழகம் என்றதும் நமக்கு வகுப்பறையும் விடுதியும் கல்வி உதவித்தொகையும் நினைவுக்கு வருகின்றன. பதிவாளர் அலுவலகத்தில் ஆசிரியர் பணி விவகாரங்களைப் பார்க்கும் பிரிவு நினைவுக்கு வருவதில்லை. எந்தப் பணியிடம் எந்தப் பிரிவினருக்கு, யாருடைய பதவி உயர்வுக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த அறையில் ஒரு கணக்கு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு.

இடஒதுக்கீட்டைக் கணக்கிட முழுப் பல்கலைக்கழகத்தையும் ஒரே அலகாகக் கொள்ளக்கூடாது, ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்ள வேண்டும் என்று 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அதையே சுற்றறிக்கையாக அனுப்பியது. கேட்பதற்குச் சிறிய நிர்வாக மாற்றம்போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் 40 துறைகள், துறைக்கு 5 உதவிப் பேராசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 பணியிடங்கள். பல்கலைக்கழகம் ஒரே அலகு என்றால் பட்டியல் சாதியினருக்கு 30, பழங்குடியினருக்கு 15, பிற்படுத்தப்பட்டோருக்கு 54 இடங்கள். துறையை அலகாக்கினால் அன்றைய 13 புள்ளிச் சுழற்சிப்படி 4ஆவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, 7ஆவது பட்டியல் சாதியினருக்கு, 14ஆவது பழங்குடியினருக்கு. ஐந்து பேர் மட்டுமே உள்ள துறையில் ஏழாவது இடம் ஏது? முதல் சுற்றில் பிற்படுத்தப்பட்டோருக்கு 40 இடங்கள், நமக்கும் பழங்குடியினருக்கும் பூஜ்யம். யாராவது ஓய்வுபெற்று ஏழாவது நியமனம் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு ஆசிரியர் முப்பது ஆண்டுகள் பணியில் இருப்பார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

15 விழுக்காடு என்ற சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அலகு மட்டும் மாறியது, 30 இடங்கள் காணாமல் போயின.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். மார்ச் 5 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. அதே வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது. ஜூலையில் அது நாடாளுமன்றச் சட்டமாகி, மத்தியக் கல்வி நிறுவனங்களில் நிறுவனமே அலகு என்று நிலைபெற்றது. பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அந்தப் போராட்டம் எழுந்தது.

பணியில் சேர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? அண்ணல் அம்பேத்கர் 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்கான பொதுத் தண்ணீர்ப் பானையில் அவர் நீர் அருந்துவதைச் சக ஆசிரியர்கள் சிலர் எதிர்த்தனர். இன்று பானையின் இடத்தில் கோப்பு இருக்கிறது. முனைவர் பட்டம் பெற்ற உதவிப் பேராசிரியர் 4 ஆண்டுகளில் அடுத்த நிலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2018 விதிமுறை சொல்கிறது. கோப்பு நகராவிட்டால் காரணம் கேட்க யாரிடம் போவது? ஆய்வு மாணவர்களை ஒதுக்குவதிலும் பாடவேளை பிரிப்பதிலும் பாகுபாடு நடந்தால் யார் பதிவு செய்வது?

ஆகவே இந்தப் பிரிவை வலுப்படுத்தச் சொல்கிறோம். முதலாவதாக, இனச்சுழற்சிப் பதிவேடும் நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்களும் ஆண்டுதோறும் இணையதளத்தில் வெளியாக வேண்டும். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடருக்கான 18 விழுக்காடு, அதனுள் அருந்ததியருக்கான 3, பழங்குடியினருக்கான 1 ஆகியவை தனித்தனியே தெரிய வேண்டும். இரண்டாவதாக, பதவி உயர்வு விண்ணப்பத்துக்குக் காலக்கெடுவும், தாமதத்துக்கு எழுத்துமூலக் காரணமும் வேண்டும். ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்று எழுதும் தேர்வுக்குழு மதிப்பெண்ணோடு விளக்கம் தர வேண்டும். மூன்றாவதாக, புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு விதிமுறைகளையும் ஆய்வு நிதி பெறும் வழியையும் சொல்லித்தரும் மூத்தவர் ஒருவர் துறைக்கு வெளியிலிருந்து அமர்த்தப்பட வேண்டும். நான்காவதாக, கௌரவ விரிவுரையாளர்களும் ஆசிரியர்களே. அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019இலேயே சொல்லியிருக்கிறது. ஊதியமும் அனுபவச் சான்றிதழும் அவர்கள் அலைந்து திரியாமல் கிடைக்க வேண்டும்.

இவற்றைத் தாமாகச் செய்யும் நிர்வாகங்களுக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். உங்கள் பல்கலைக்கழகத்தில் எத்தனை பணியிடங்கள், எது அலகு, எத்தனை இடங்கள் எந்த ஆண்டிலிருந்து காலி என்ற மூன்று கேள்விகளோடு இந்த மாதமே விண்ணப்பியுங்கள். வரும் பதில்களைச் சேர்த்துவைத்து அடுத்த ஆண்டு இதே மேடையில் வாசிப்போம்.

ஜெய்பீம்.