இரண்டு பேர் வரைந்த வீடு

குட்டீஸ்... உங்கள் வீட்டு சுவரில் கிரேயானால் கிறுக்கி வைத்தால் என்ன நடக்கும்? முதுகில் இரண்டு விழும். இல்லாவிட்டால், 'வெள்ளை அடிச்சு ஆறு மாசம் கூட ஆகலை...' என்று, அரை மணி நேரம் அர்ச்சனை நடக்கும்.

ஆனால், அப்பாவும், அம்மாவுமே தூரிகையைக் கையில் எடுத்து, சுவர், கதவு, நாற்காலி என, ஒன்றையும் விடாமல் வண்ணம் தீட்டிய வீடு ஒன்று இருக்கிறது. சுவீடன் நாட்டில், சுன்ட்போர்ன் என்ற கிராமத்தில், ஆற்றங்கரையில் நிற்கும் பழைய மர வீடு அது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அதைப் பார்க்க பல நாடுகளிலிருந்து ஆட்கள் போகின்றனர்.

அந்த அப்பாவின் பெயர் கார்ல் லார்சன். அம்மா, காரின். இருவருமே ஓவியர்கள்.

கார்ல், 1853ல், ஸ்டாக்ஹோம் நகரின் பழைய பகுதியில் மிக ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா துணி துவைத்துக் கொடுத்து சம்பாதித்த காசில் தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இருட்டான, நெரிசலான அறைகளில் வளர்ந்த பையன். 13 வயதில், ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் இருந்த ஓர் ஆசிரியர் தான், 'உனக்கு நன்றாக வரைய வருகிறது. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பம் போடு' என்று தள்ளி விட்டார்.

காரின் வசதியான வியாபாரியின் மகள். ஸ்டாக்ஹோமில் உள்ள கலைக் கழகத்தில் முறையாக ஓவியம் படித்தவர். பாரிஸ் நகருக்கு அருகே, ஓவியர்கள் கூடி வாழ்ந்த கிரே என்ற கிராமத்தில் இருவரும் பழகினர். 1883ல் திருமணம் நடந்தது.

மாமனார், 1888ல், மருமகனுக்கும், மகளுக்கும் ஒரு பரிசு கொடுத்தார். அது தான் சுன்ட்போர்ன் வீடு. வீடு என்றதும் பெரிய பங்களா என்று நினைத்து விடாதீர்கள். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சின்ன வீடு. அதன் பெயர், லில்லா ஹித்நேஸ். அந்த இடத்தில் முன்பு தாது உருக்கும் உலை இருந்ததால் வந்த பெயர் அது. உலையிலிருந்து கொட்டிய கசடு குவிந்து கிடந்த மேட்டின் மேல் தான் வீடு நின்றது. செடி வைக்கத் தோண்டினால் கூட கசடு தான் வரும்!

அந்தக் காலத்து பணக்கார வீடுகள் எப்படி இருக்கும் தெரியுமா? கறுத்த மரச் சாமான்கள். ஜன்னலை மூடும் கனமான திரைகள். தரை முழுக்க கம்பளம். பகலிலேயே விளக்கு வேண்டும். சுன்ட்போர்ன் பக்கம் டிசம்பர் மாதத்தில் சூரியன், ஒரு நாளில் ஆறு மணி நேரம் கூட தலைகாட்டாது. கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் திரை போட்டு மறைத்தனர். அது தான் நாகரிகம் என்றும் நினைத்தனர்.

கார்லும், காரினும் அதை அப்படியே தலைகீழாக மாற்றினர். கனத்த திரைகளுக்கு வேலையில்லை. ஜன்னல் விளிம்பில் வரிசையாக பூந்தொட்டிகள் வைத்தனர். புது சாமான் வாங்க பணம் அதிகம் இல்லை. அதனால், பழைய நாற்காலிகளையும், மேஜைகளையும் சேகரித்து வண்ணம் அடித்தனர். சாப்பாட்டு அறைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது, பளீர் சிவப்பும், பச்சையும். வரவேற்பு அறையில், பழைய காலத்து நாற்காலிகளுக்கு நீலமும், வெள்ளையும் கலந்த கோடு போட்ட உறை மாட்டினர். இன்று இதெல்லாம் சாதாரணம். அன்று, பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்திருப்பர்!

கதவுகளையும் கார்ல் விடவில்லை. வீட்டில் இருப்பவர்களையே அவற்றில் வரைந்து வைத்தார். குடும்பம் பெருகப் பெருக, வீடும் பெருகியது. இங்கே ஓர் அறை, அங்கே ஓர் ஓவியக் கூடம் என்று, பல ஆண்டுகள் வேலை நடந்து கொண்டே இருந்தது. மரம் அறுப்பது, சுவர் எழுப்புவது எல்லாம் கிராமத்து தச்சர்கள் தான். எந்த அறை எப்படி இருக்க வேண்டும், எந்த மூலைக்கு என்ன நிறம் என்ற முடிவும், தூரிகை வேலையும் தம்பதியுடையவை.

வெளிச்சுவரின் சிவப்பு நிறத்துக்கு தனிக் கதை இருக்கிறது. கொஞ்சம் நின்று கேளுங்கள்.

பக்கத்து ஊரான பாலுனில் மிகப் பெரிய செம்புச் சுரங்கம் இருந்தது. பல நூற்றாண்டுகள் செம்பு கொடுத்த அந்தச் சுரங்கத்தை, 1992ல் மூடி விட்டனர். 2001ல், உலக பாரம்பரியச் சின்னமாக, 'யுனெஸ்கோ' அறிவித்தது. செம்பு எடுத்த பின், வேண்டாம் என்று கொட்டிய கழிவு மண்ணில் இரும்பு நிறைய உண்டு. அந்த மண்ணை கழுவி, காய வைத்து, சூளையில் சுட்டால் சிவப்புப் பொடி கிடைக்கும். துருப்பிடித்த ஆணியின் நிறத்தைப் பார்த்திருப்பீர்களே, அதன் உறவுக்காரன் தான் இது.

பொடி மட்டும் மரத்தில் ஒட்டுமா? அதற்கு, கம்பு, கேழ்வரகு போல அங்கே விளையும், 'ரை' என்ற தானியத்தின் மாவைத் தண்ணீரில் போட்டு காய்ச்சுவர். போஸ்டர் ஒட்ட மைதா காய்ச்சுவது போலத் தான்! அந்தக் கஞ்சியில் சிவப்புப் பொடியையும், கொஞ்சம் ஆளி விதை எண்ணெயையும் கலந்தால், பெயின்ட் தயார். பிளாஸ்டிக் பெயின்ட் போல இது மரத்தின் மேல் தோலாக மூடாது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழி விடும்; அதனால், மரம் சீக்கிரம் உளுத்துப் போகாது. பழசானதும் உரிந்து தொங்காமல், பொடியாக உதிரும். பிரஷ்ஷால் தட்டி விட்டு, மேலே இன்னொரு பூச்சு அடித்தால் போதும். சுவீடன் கிராமங்களில் எங்கே பார்த்தாலும் சிவப்பு வீடுகள் தெரிவதற்கு, இந்தச் சுரங்கக் கழிவு தான் காரணம்.

சரி, வீட்டுக்குள் திரும்புவோம்.

1894ம் ஆண்டு கோடையில் மழை விடாமல் கொட்டியது. வெளியே போய் வரைய முடியாமல் கார்ல் உம்மென்று உட்கார்ந்திருந்தார். 'சும்மா தானே இருக்கீங்க... நம்ம வீட்டையே வரையுங்களேன்' என்ற யோசனையை காரின் சொன்னார். அப்படித் தொடங்கியது தான், உலகப் புகழ் பெற்ற வாட்டர் கலர் ஓவியத் தொடர்.

அதில் ஒரு படத்தைப் பார்த்தால் நீங்கள் சிரித்து விடுவீர்கள். சாப்பாட்டு மேஜையில் குறும்பு செய்ததற்காக, போன்டஸ் என்ற மகனை, தனியே போய் மூலையில் உட்கார வைத்தனர். முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு நாற்காலியில் அமர்ந்திருந்த பையனைப் பார்த்ததும், அப்பாவுக்கு கோபம் போய், வரையும் ஆசை வந்து விட்டது. தண்டனை ஓவியமாகி விட்டது! இன்னொரு படத்தில், மூத்த மகள் சுசான், ஜன்னல் ஓரத் தொட்டிகளுக்கு தண்ணீர் ஊற்றுகிறாள்.

இந்த ஓவியங்களில் 24, ஒரு புத்தகமாக, 1899ல் வெளியாயின. 1909ல், ஜெர்மனியில் வந்த, 'வெயிலில் ஒரு வீடு' என்று பொருள்படும் புத்தகம், மூன்றே மாதத்தில், 40 ஆயிரம் பிரதிகள் விற்றது. அதற்குள் குடும்பமே, 1901ல், நிரந்தரமாக சுன்ட்போர்ன் வந்து சேர்ந்திருந்தது.

படங்களில் எப்போதும் வெயில் தான். நிஜத்தில் அப்படி இல்லை. எட்டு குழந்தைகள் பிறந்த வீட்டில், மாட்ஸ் என்ற குழந்தை சில வாரங்களிலேயே இறந்து விட்டது. மூத்த மகன் உல்ப், 1905ல், 18 வயதில் குடல்வால் நோயால் இறந்தான். பல நாட்கள் சோர்ந்து கிடந்தவர் தான் கார்ல். அந்த வெளிச்சமான அறைகளில் தான் அவ்வளவும் நடந்தது.

இன்னொரு விஷயத்தையும் படங்கள் சொல்லாமல் விட்டு விட்டன. அது காரினைப் பற்றியது.

குழந்தைகள் பிறந்த பின், காரின் ஓவியம் வரைவதை நிறுத்தி விட்டார். ஆனால், கை சும்மா இருக்குமா? தறியில் உட்கார்ந்தார். மேஜை விரிப்பு, மெத்தை உறை, சுவரில் தொங்கும் துணி, குழந்தைகளுக்கு தளர்வான கவுன், தனக்கு ஏப்ரான் என்று எல்லாவற்றையும் தானே வடிவமைத்தார். நிலம், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கையும் வைத்து அவர் நெய்த துணி, சாப்பாட்டு அறையில் இருக்கிறது. கார்லின் அறைக்கும், தன் அறைக்கும் நடுவே, 'அன்பின் ரோஜா' என்ற திரையை நெய்து தொங்க விட்டார். பொருள் எதையும் உள்ளபடி காட்டாமல், வெறும் கோடும், வளைவுமாக அவர் செய்த வடிவங்கள், அந்தக் காலத்துக்கு ரொம்பப் புதுசு.

நாற்காலிகளுக்கும் அவரே வரைபடம் போட்டுக் கொடுத்தார். அவர் வடிவமைத்த ஆடும் நாற்காலியைச் செய்த தச்சர், 'இவ்வளவு அசிங்கமானதை நான் செய்தேன் என்று ஊரார் பார்த்து விடக் கூடாதே' என்று, இருட்டிய பின் தான் கொண்டு வந்து கொடுத்தாராம். அப்படி ஒரு கதை சொல்லப்படுகிறது. இன்று அதைப் பார்த்தால் நவீன நாற்காலி போலத் தான் இருக்கும்!

வீட்டு வாசலுக்கு மேலே ஒரு வரவேற்பு வரி எழுதியிருக்கிறது. வருபவரை, கார்ல் லார்சன் வீட்டுக்கும், 'அவர் மனைவி' வீட்டுக்கும் வரச் சொல்லி அழைக்கிறது. காரின் பெயர் அதில் இல்லை. கார்ல் மனைவியின் யோசனையை மதித்தவர் தான். படம் முடிந்ததும் முதலில் காரினிடம் தான் கருத்து கேட்பார். இருந்தாலும், புகழ் எல்லாம் ஒருவர் பக்கமே சேர்ந்தது. என்னைக் கேட்டால், அந்த வீட்டில் பாதிக்கு மேல் காரினுடையது.

கார்ல், 1919லும், காரின், 1928லும் காலமாயினர். 1997ல், லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் நடந்த கண்காட்சியின் தலைப்பில் தான் இரு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் இடம் பெற்றன. சுவீடன் பாணியை உருவாக்கியவர்கள் என்று, இருவரையும் சேர்த்தே அது அழைத்தது.

வீடு, இன்னும் அவர்களுடைய வாரிசுகள் கையில் தான் உள்ளது. வழிகாட்டியோடு உள்ளே போய்ப் பார்க்கலாம்.

கார்ல் லார்சனின் ஓவியம் எங்காவது உங்கள் கண்ணில் பட்டால், குழந்தைகளின் முகத்தைப் பார்த்து விட்டு நகர்ந்து விடாதீர்கள். மேஜை மேல் விரித்த துணி, நாற்காலி உறை, பெண் குழந்தை போட்டிருக்கும் கவுன் ஆகியவற்றையும் பாருங்கள். கையெழுத்து போடாத இன்னோர் ஓவியர் அங்கே தான் இருக்கிறார்!